எந்த வகையில் எத்தனை?

யாரோ கட்டிய டேட்டாபேஸ் ஒன்று கைக்கு வந்தால், நம்மவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டேபிள்? எத்தனை ஜிபி?" என்றுதான். பேக்கப்புக்கு இடம் ஒதுக்க அது போதும். அதைக் கட்டியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரிய, எந்த வகையில் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு ஒரே குவெரி. சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ் வியூவை டைப்_டெஸ்க்கின்படி குரூப் பை செய்து கவுன்ட் போட்டால் டேபிள், வியூ, ஸ்டோர்ட் புரொசீஜர், டிரிகர், ஃபாரின் கீ எல்லாம் வகைவாரியாக வந்து நிற்கும். டேட்டாவைக் கேட்கும் அதே செலக்ட்தான் இதற்கும். ரிலேஷனல் முறையை வகுத்த எட்கர் காட், 1985-ல் ‘கம்ப்யூட்டர்வேர்ல்ட்’ இதழில் எழுதிய விதிகளில் நான்காவது இதுதான்: டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரத்தையும் டேட்டாவைப் போலவே வைத்திருக்க வேண்டும், அதே மொழியில் கேட்டால் சொல்ல வேண்டும். எனக்கு மிகப் பிடித்த விதி.

எதுவுமே உருவாக்காத புது டேட்டாபேஸிலும் விடை பூஜ்யமாக வராது. சிஸ்டம் டேபிள்களும் மூன்று சர்வீஸ் கியூக்களும் பிறக்கும்போதே இருக்கும். ஈஸ்_எம்எஸ்_ஷிப்டு பூஜ்யமாக உள்ளவற்றை மட்டும் எடுத்தால் நம் ஆட்கள் எழுதியது தனியே தெரியும்.

என் கண் நேரே ஃபாரின் கீ எண்ணிக்கைக்குத்தான் போகும். டேபிள் நூற்றுக்கணக்கில், ஃபாரின் கீ விரல்விட்டு எண்ணும் அளவில் என்றால் வயிற்றைக் கலக்கும். எந்த பில் எந்த வாடிக்கையாளருடையது என்ற உறவை அங்கே அப்ளிகேஷன் கோடு மட்டுமே காக்கிறது. யாராவது நேரடியாக உள்ளே போய் வாடிக்கையாளர் ஒருவரை டிலீட் செய்தால், அவருடைய பில்கள் அநாதையாக நிற்கும். ஒரு எர்ரரும் வராது. டிரிகர் அதிகமென்றால் வேறு கவலை: ஒரு அப்டேட்டுக்குப் பின்னால் இன்னும் எதெல்லாம் மாறுகிறது என்று தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த எண்ணிக்கையில் வராதவையும் உண்டு. இண்டெக்ஸ்களுக்கு சிஸ்.இண்டெக்ஸஸ் போக வேண்டும். டேட்டாபேஸ் அளவில் போட்ட டிடிஎல் டிரிகர்களுக்கு சிஸ்.டிரிகர்ஸ். 2005 பதிப்பிலிருந்து, உங்கள் லாகினுக்கு உரிமை உள்ளவை மட்டுமே கண்ணில் படும். ஒரே குவெரிக்கு இருவருக்கு இரண்டு விடை வரலாம். எந்த லாகினில் எண்ணியது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

ஃபாரின் கீ நிறைய இருந்தாலும் உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மொத்தமாக டேட்டா ஏற்றும்போது வேகத்துக்காக அவற்றை நிறுத்திவைப்பார்கள். திரும்பப் போட மறந்துபோவதும் நடக்கும். கவுன்ட்டில் அவை அப்படியே இருக்கும், காவல் மட்டும் இருக்காது. சிஸ்.ஃபாரின்_கீஸில் ஈஸ்_டிசேபிள்டு, ஈஸ்_நாட்_டிரஸ்டட் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.