பாட்டியைப் பெற்றவள் பெயர் என்ன?

அமாவாசை என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தர்ப்பணக் கூட்டம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள் வரிசையாக வரும். தாய்வழியில் அம்மாவைப் பெற்ற பாட்டி வரை சொல்வார்கள். அடுத்த பெயர் பெரும்பாலும் தாத்தாவைப் பெற்றவளுடையது. பாட்டியைப் பெற்றவளுக்கு அங்கே எள்ளும் தண்ணீரும் இல்லை.

உடம்பு அவளை விடவில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. மொத்தமே 16,569 எழுத்துகள். அது அம்மாவிடமிருந்துதான் வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். அபூர்வமாக ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றங்களை வைத்துத்தான் தாய்வழிக் கிளைகளைப் பிரிக்கிறார்கள்.

இந்தியர்களில் பாதிப்பேருக்கு மேல் 'எம்' கிளை. ஆதிவாசி, அக்ரஹாரம் என்று அது வித்தியாசம் பார்ப்பதில்லை. கோத்திரம் பார்த்துக் கல்யாணம் செய்யும் ஊரில் இதைச் சொன்னால் புருவம் உயரும்! இங்கே 'யு2' கிளையும் உண்டு. அதன் உடன்பிறப்பான 'யு6', வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களிடம் இருக்கிறது. காவிரிக்கரை 'யு2' பெண்ணும் மொராக்கோ மலையின் 'யு6' பெண்ணும், பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே பாட்டியின் பேத்திகள்.

கிளையின் பெயரைப் பரிசோதனை சொல்லிவிடும். பாட்டியைப் பெற்றவளின் பெயரைப் பாட்டிதான் சொல்ல முடியும். இருந்தால், இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.