“ஸ்பாமில பாருங்கோ”

மெயில் வரவில்லை என்று ஒரு அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “நாங்கள் அனுப்பிட்டம், ஸ்பாமில பாருங்கோ.” அத்தோடு கதை முடிந்தது. அனுப்பியவரின் கடமை பட்டனை அமத்தியதோடு தீர்ந்துவிட்டதாம். மிச்சமெல்லாம் எங்கட தலையெழுத்து. இந்த நினைப்பே பிழை எண்டுதான் நான் சொல்ல வாறன்.

ஸ்பாமைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள், கெதியாகப் பாருங்கள். அங்கே விழுந்ததை ஜிமெயில் 30 நாளில் தானாகவே அழித்துவிடும். ஆனால் எங்கட வயதுக்காரருக்கு அதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. ட்ரைவும் போட்டோஸும் அதே 15ஐத்தான் பங்குபோடுகின்றன. 2021 யூனிலிருந்து போட்டோஸில் ஏற்றும் படங்களெல்லாம் அந்தக் கணக்கில் விழுகின்றன. 2024இல் அன்ட்ரொயிட் போன்களின் வட்ஸ்அப் பெக்கப்பும் வந்து சேர்ந்துகொண்டது. ஆக, குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்கப் பூக்களும் மாமா அனுப்பிய கலியாணவீட்டு வீடியோக்களும் சேர்ந்து உங்கள் நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்கு இடமில்லாமல் பண்ணிவிடலாம். இடம் முடிந்தால் புது மெயில் ஸ்பாமுக்குக்கூடப் போகாது. அனுப்பியவரிடமே திரும்பிப் போகும்.

எங்கட பட்ச் பிள்ளை ஒருத்திக்கு இதுதான் நடந்தது. ஒரு நிறுவனம் பயிற்சிக்குத் தெரிவுசெய்து, இரண்டு நாளுக்குள் பதில் போடச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறது. போன் எடுத்துக் கேட்டபோது வழமையான பதில். அவளும் ஸ்பாமைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஆரோ சொல்லி வட்ஸ்அப் பெக்கப்பை அழித்த பின்தான் மற்ற மெயில்கள் வரத் தொடங்கின. அதற்குள் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. “அனுப்பினதுக்கு எங்களிட்ட ஆதாரம் இருக்கு” என்றார்களாம். திரும்பி வந்ததற்கான ஆதாரமும் அவர்களின் பெட்டியில்தானே கிடந்திருக்கும்?

பதிவுத் தபால் சேராவிட்டால் உறையில் காரணம் எழுதப்பட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். மின்னஞ்சலுக்கும் இதே ஒழுங்குதான். மெயில்களைக் காவும் எஸ்.எம்.ரி.பி. என்ற நெறிமுறை 1982இல் எழுதப்பட்டு 2008இல் திருத்தப்பட்டது. ஒரு சேவர் மெயிலைப் பொறுப்பேற்றால் அதைச் சேர்ப்பிக்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கம் தற்காலிகமாக ஏற்காவிட்டால் உடனே கைவிடாமல் நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயலவேண்டும் என்றும் இருக்கிறது. மெஷினுக்கே நாலைந்து நாள் அவகாசம். மனிசருக்கு இரண்டு நாள்!

இப்போது அலுவலகங்கள் என்ன செய்கின்றன? ‘நோ ரிப்ளை’ என்ற முகவரியிலிருந்து அனுப்புகின்றன. திரும்பி வரும் அறிவித்தல் ஒருவரும் திறக்காத பெட்டியில் போய் விழுகிறது. சில இடங்களில் கிளார்க்கின் சொந்த ஜிமெயிலிலிருந்தே முழுப் பட்டியலுக்கும் போகிறது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்பலாம், மிச்சப்பேர் அம்போ. சொந்த டொமைன் வைத்திருக்கிறவர்களுக்கு வேறு வில்லங்கம். ஜிமெயிலுக்கு அனுப்பும் டொமைன், எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் என்ற அடையாளப் பதிவில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டுமென்பது 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளின் விதி. அது இல்லாமல் மெயில் ஸ்பாமில் விழுந்தால் குற்றம் வாங்குகிறவரிலா?

பெயர்ப் பிரச்சினையும் சேர்ந்தது. தர்சினி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி! கையால் நிரப்பிய படிவத்தைப் பார்த்துத் தட்டும்போது ஒரு ‘எச்’ விடுபட்டால் போதும். அந்தப் பிழையான முகவரியும் உண்மையில் இன்னொரு தர்சினியுடையதாக இருந்தால் மெயில் திரும்பி வரவும் மாட்டாது. புள்ளி விடுபட்டால் மட்டும் பயமில்லை, ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கெடுப்பதில்லை.

விண்ணப்பம் நிரப்பக் கொமினிகேசன் கடைக்குப் போய், கடைக்கார அண்ணா திறந்து தந்த கணக்கையே இன்னும் பாவிக்கிறவர்கள் எங்களில் கனபேர். பாஸ்வேர்ட்டும் மீட்பு நம்பரும் அவருடையது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவசரத்துக்கு உதவினவர். ஆனால் அந்த நம்பரை இண்டைக்கே மாத்துங்கோ. செட்டிங்ஸில் மெயில் வேறெங்காவது திருப்பிவிடப்படுகிறதா, ஏதாவது பில்டர் அழிக்கிறதா என்றும் ஒருக்கா பாருங்கோ. இடம் எவ்வளவு மிச்சம் என்பதையும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வரவில்லையென்றால் உங்கள் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. சிநேகிதர் ஒருவரைக்கொண்டு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். அது வந்து சேர்ந்தால் தயங்காமல் திரும்பப் போன் எடுங்கள். எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள் என்று கேளுங்கள். எத்தனையாம் திகதி, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். திரும்பி வந்த மெயில் ஏதும் உங்களிடம் கிடக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். படிவத்தில் போன் நம்பரையும் கேட்டு வாங்கியவர்கள்தானே, ஒரு எஸ்.எம்.எஸ். போட ஏன் ஏலாமல் போனது என்றும் கேட்கலாம். “தம்பி, நீங்கள் சும்மா கதைக்கிறியள்” என்பார்கள். பரவாயில்லை, பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை லைனில் நில்லுங்கள்.