சேர்க்கை நாளில் கொடுங்கள்

மறைந்த ஆசிரியர் பெயரில் கல்லூரி உதவித்தொகை தொடங்கும் பழைய மாணவர்களிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்போம், தோழர்களே: பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்?

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் அப்துல் கலாமை ஊக்கப்படுத்திய அய்யாதுரை சாலமனை மேடைதோறும் புகழ்கிறார்கள். புகழட்டும். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில், அர்ச்சகர் மகனோடு முஸ்லிம் பையன் உட்காரக் கூடாதென்று அதே கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பியவரும் ஓர் ஆசிரியர்தான். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சேரும் நாளில் கையில் பணம் இருந்தது. விஷயமே அதுதான்.

நம் சேரியில் அடகு வைக்க என்ன இருக்கிறது? 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நம் உரிமை, சலுகை அல்ல. ஆனால் கல்லூரி கட்டணத்தை முதலிலேயே கேட்கிறது, அரசுப் பணமோ மாதங்கள் கழித்து வருகிறது. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் கரிமூட்டத்துக்கும் உப்பளத்துக்கும் போகிறார்கள்.

ஆசிரியரை மதிப்பவர்கள் அந்த இடைவெளியை அடைக்கட்டும். விழா வேண்டாம், அட்டைக் காசோலை வேண்டாம், பிள்ளையின் வறுமையை மைக்கில் வாசிக்கவும் வேண்டாம். நிலுவைக்காக அரசை உலுக்குவது நம் வேலை. அதை நாம் பார்த்துக்கொள்வோம்.