செபமும் கொழுந்துக் கூடையும்

தியானம் துறவியர்க்கே உரியது, லயத்து மக்களுக்கு ஞாயிறு வழிபாடே போதும் என்பார் உளர். அப்புத்தளையிலே துறவுமடமாகிவிட்ட அடிசம் மாளிகையின் அமைதியைக் கண்டோர் அவ்வாறு மயங்குதல் இயல்பே. ஆயின், அங்குறையும் துறவியர் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கோ செபத்தையும் உழைப்பையும் ஒருங்கே விதிக்கின்றது. அச்சபைத் துறவியான ஆயர் லியோ நாணயக்கார 1972இல் கண்டி மறைமாவட்டத்தைத் துறந்து, புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தை ஏற்றார். ஏழைகளின் நடுவே திருச்சபையைத் தேடினார்.

விடியலிலே பிரட்டுக்களத்திற்கு விரையும் பெண்ணுக்குத் தனியறையும் இல்லை, ஓய்வும் இல்லை. அவளுக்குக் கற்பிக்கவேண்டியது நீண்ட மன்றாட்டன்று. கொழுந்து கிள்ளும் கையோடு இயையும் ஒரு சிறு வேதவாக்கியமும், இரவிலே அந்நாளை ஆண்டவர்முன் எண்ணிப்பார்க்கும் சில நிமிடங்களுமே போதும். அவ்வாறு எண்ணுபவள் தன் கூலிக்குறைவையும் எண்ணுவாள். அவ்வெண்ணத்தை அடக்கிப் பொறுமையை மட்டும் போதிப்பது செபமன்று. துரைமார்க்குச் செய்யும் ஊழியமே.