எடை குறைந்த குழந்தைக்கு யார் பொறுப்பு?

பிறந்த குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால், முதல் கேள்வி தாயிடம்தான் வரும். "ஒழுங்கா சாப்பிட்டியாம்மா? சத்து மாத்திரை போட்டியா?" அவளது எடை, ரத்தசோகை, ரத்த அழுத்தம் எல்லாம் கர்ப்பகால அட்டையில் இருக்கும். அத்தனை மாதமும் அவள் சுவாசித்த காற்று மட்டும் இருக்காது.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளியாகும் நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. 2019இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில், கருவை ஒட்டிய பக்கத்திலேயே, கரித்துகள்களைக் கண்டார்கள்.

கலிபோர்னியாவில் 2001க்கும் 2011க்கும் இடையே நிலக்கரி, எண்ணெய் எரித்த எட்டு மின்நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் குறைப்பிரசவ விகிதம் 7 சதவீதத்திலிருந்து 5.1 ஆக இறங்கியது. கறுப்பின, ஆசிய வம்சாவளித் தாய்மார்களிடம் இந்த இறக்கம் இன்னும் அதிகம். ஓராண்டில் அந்தப் பெண்களின் சாப்பாடு மாறிவிடவில்லை. புகை நின்றது, அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது எனக்கு எண்ணூர்தான் நினைவுக்கு வந்தது. மீனவர்களும் தலித்துகளும் இருளர்களும் வாழும் மண்ணைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை. சுனாமியில் வீடிழந்தவர்களையும் இதே எர்ணாவூரில்தான் குடியமர்த்தினார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடினார்கள். ஆலைக்கு இடம் பார்ப்பவர்களின் கண்ணில் போட் கிளப் ஏன் படுவதே இல்லை? சாதி ஊரையும் சேரியையும் மட்டும் பிரிக்கவில்லை, காற்றையும் பிரித்திருக்கிறது.

சத்துக்குறைவும் ரத்தசோகையும் உண்மைதான். அவற்றுக்கும் சாதிக்கும் உள்ள உறவும் உண்மை. ஆனால் அதை மட்டுமே பேசினால், புகைபோக்கி தப்பிவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் தாய் மட்டும் நிற்கிறாள்.

எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017இல் மூடப்பட்டது. இப்போது அங்கே 660 மெகாவாட்டில் புதியது வரவேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் அரசு ஒரு வேலை செய்யட்டும். 2017க்கு முன்னும் பின்னும் இப்பகுதியில் பிறந்த குழந்தைகளின் எடையையும் பேறுகாலத்தையும் அரசு மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, ஒப்பிட்டு, மக்கள் முன் வைக்கட்டும். மற்ற ஆலைகளின் புகையையும் கணக்கில் சேர்க்கட்டும்.

ஆய்வாளராக எனக்கு ஒன்று தெரியும்: கேட்காத கேள்விக்குத் தரவு இருக்காது. தரவு இல்லை என்பதையே பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதனால் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும், அடுத்த புகைபோக்கி எழும்பும் முன்பே.