கூட்டத்தை எண்ணும் கேமரா, முகத்தைத் தேடும் கேமரா

2022 ஏப்ரல் 16 காலை, மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். ஆற்றின் எந்தப் பக்கம் நிரம்பி வழிகிறது என்பது ஓரிடத்தில் நிற்கும் காவலருக்குத் தெரியாது. வண்டியில் ஏற்றி நிறுத்தும் உயரக் கேமராவும், பாதை மூடப்பட்டதைச் சொல்லும் எல்.இ.டி. திரையும் அங்கே உயிர் காக்கும். பெருநாள் திடல் தொழுகைக்கும் அவை பயன்படும். இதை எதிர்க்க ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில். கூட்டத்தை எண்ண யாருடைய பெயரும் தேவையில்லை. அதே படத்தை முகமறியும் மென்பொருளில் ஓட்டினால், யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலாகிவிடும். தமிழகக் காவல்துறையிடம் 2021 முதல் அந்த மென்பொருள் இருக்கிறது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்தது. (காவல்துறையின் பெட்டிக்கே இந்தக் கதி!) ஹைதராபாத்தில் தெருவில் நிறுத்தித் தன்னைப் போலீஸார் படமெடுத்ததை எதிர்த்து சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூத் தெலங்கானா உயர் நீதிமன்றம் சென்றார். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது.

காவல் அதிகாரிகள் கூட்டும் ஆலோசனைக் கூட்டங்களுக்குச் செல்லும் ஜமாஅத் நிர்வாகிகள் கேட்க வேண்டியது இதுதான்: பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படும்? முகமறியும் மென்பொருளோடு இணைப்பு உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.