ஊருக்குப் போகும் முன் மீனுக்குத் தீனியைக் கொட்டலாமா?

மாட்டை விட்டுவிட்டு நான்கு நாள் வெளியூர் போக எந்த விவசாயியும் துணிய மாட்டார். வைக்கோல் போட்டுத் தண்ணீர் காட்ட யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டே பஸ் ஏறுவார். இந்த நியாயத்தை அப்படியே வண்ண மீனுக்கும் பொருத்துவதில்தான் தவறு நேர்கிறது.

சென்னை கொளத்தூரைச் சுற்றிலும், வேறு பல ஊர்களிலும், கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி கப்பி, மோலி, பொன்மீன், ஃபைட்டர் வளர்ப்போர் பலர். கல்யாணம், குலதெய்வப் படையல் என்று குடும்பத்தோடு கிளம்பும்போது நான்கு நாள் தீனியை ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போவோர் இவர்களில் உண்டு. திரும்பி வந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கி, மீன் செத்து மிதக்கும். பட்டினியால் செத்தது என்று எண்ணி அடுத்த முறை இன்னும் இரண்டு கை கூடுதலாகப் போடுவார்கள்! உண்மையில் மீனைக் கொன்றது மிஞ்சிய தீனியே.

தின்னாத தீனி அடியில் தங்கி அழுகுகிறது. அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அம்மோனியாவும் பெருகும். வெயில் காலத்துச் சூடான நீரில் பிராணவாயு கரைவதே குறைவு; காரத்தன்மையுள்ள நீரில் அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. இரவில் மின்சாரம் நின்று காற்று பம்பும் ஓடாவிட்டால், விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

மீன் குளிர் இரத்தப் பிராணி. மாடு, கோழியைப் போல் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தீனியைச் செலவிடுவதில்லை. ஆகவே வளர்ந்த, நோயற்ற மீன் 3, 4 நாள் தீனியின்றி இருந்தால் கெடுதல் இல்லை. ஒரு வாரம்கூடத் தாங்கும். வெளித்தொட்டியில் பாசியும் கொசுப்புழுவும் வேறு கிடைக்கும்.

குஞ்சுகளின் சங்கதி வேறு. அவற்றுக்குத் தினம் பல வேளை நுண்ணிய தீனி வேண்டும். ஓரிரு நாள் தவறினாலே நஷ்டம்தான். பயணம் முன்கூட்டியே தெரிந்தால் ஃபைட்டர் ஜோடி சேர்ப்பதைத் தள்ளிப் போடுவதே புத்தி. கப்பி, மோலி பசித்தால் தம் குட்டிகளையே தின்னும். குட்டிகளைப் பிரித்து வைத்து, ஆள் போட்டுத்தான் போக வேண்டும்.

பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுப்பது ஆபத்து. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பாவம், பசிக்கிறது என்று இரக்கப்பட்டு அள்ளிப் போடுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, வழக்கத்தில் பாதியளவு மடித்துக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னால் போதும். டப்பாவைப் பூட்டி வைக்கவும். காற்று பம்பு ஓடுகிறதா, செத்த மீன் கிடக்கிறதா என்று அவர்கள் பார்ப்பது தீனியைவிட முக்கியம்.

கடைகளில் விற்கும் விடுமுறைத் தீனிக் கட்டிகளில் சில கரைந்து நீரைக் கலக்கிவிடுகின்றன. நான்கு நாள் பயணத்துக்கு அது வீண் செலவு.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடலாம். கிளம்பும் அன்று வடிகட்டியைக் கழுவுவதோ, புது மீன் விடுவதோ கூடாது. திரும்பி வந்த அன்றும் ஆசையாய் அள்ளிப் போடாமல், முதல் வேளைக்குப் பாதித் தீனி போட்டால் போதும்.